இழவும் ஆறுதலும்
துயருற்றார்க்குத் துணை நிற்போர் அறிய வேண்டியன

விழா மலரொன்றில் இழவைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்பதே எம் துணிபு. இக்கல்லூரியிற் கற்று வெளியேறியோருள் மருத்துவர் உளர், ஆசிரியர் உளர், கிராம உத்தியோகத்தர், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர், ஆலய அறங்காவலர், மரண உதவிச் சங்கச் செயலாளர் எனப் பல பணி பூண்டோரும் உளர். துயருற்ற குடும்பத்தின் வாயிலில் முதலிற் சென்று நிற்போர் இவர்களே. அங்ஙனம் நிற்குங்கால் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பவற்றை அறிஞர் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவ்வாராய்ச்சியின் முடிபுகளைத் தமிழ் மரபோடும் கண்டிச் சூழலின் வழக்கங்களோடும் ஒப்புநோக்கி இப்பாடத்தை வரைகின்றோம்.

இதற்கு உடனடியான காரணமும் ஒன்றுண்டு. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி இலங்கையில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகளில் மண்சரிவு பல குடும்பங்களை வீட்டோடு மூடியது. சாலைகள் திருந்தின, பாலங்கள் எழும்புகின்றன. உள்ளத்தின் இடிபாட்டைத் திருத்துவோர் எவர், எங்ஙனம் திருத்துவர் என்பதே நம்முன் உள்ள வினா.

1. ஆறுதல் என்னும் சொல்

முதற்கண் சொல்லை ஆராய்வோம். ஆறு என்பது தன்வினை. ஆற்று என்பது அதன் பிறவினை. புண் ஆறுகிறது, பால் ஆறுகிறது. பாலை ஆற்றுகின்றவள் வெப்பத்தைக் கையால் அள்ளி எறிவதில்லை. காற்றுப் படும்படி விடுகிறாள். வெப்பம் தானே தணிகிறது. புண்ணை ஆற்றும் மருத்துவரும் புதுத் தோலை நெய்து ஒட்டுவதில்லை. அழுக்கும் ஈயும் அணுகாமற் காக்கிறார். தோல் தானே வளர்கிறது. துயரம் ஆறுவதும் இவ்வாறே. ஆறுவது துயருற்றவரின் உள்ளம். ஆற்றுவோர் செய்யத்தக்கது அதற்கு இடமும் காலமும் காவலும் அளித்தலே.

உளவளத்துணையை இந்நாட்டில் ஆற்றுப்படுத்தல் எனவும் வழங்குவர். இச்சொல்லில் ஆறு என்பது வழியைக் குறிக்கும். வழி அறிந்தவர் அறியாதாரைத் தக்க இடத்துக்குச் செலுத்துதலே பண்டை ஆற்றுப்படையின் இலக்கணம். உடனிருத்தலும் வழிகாட்டுதலும் ஆகிய இவ்விரண்டுமே இப்பாடத்தின் சாரம் என்று கொள்க.

2. அழுகையின் நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடு கூறி, அவற்றுள் அழுகை பிறத்தற்கு நான்கு நிலைக்களன்கள் உள எனக் காட்டினார். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. உற்றாரையும் உரியவற்றையும் இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலைக்கு ஆளாதல் அசைவு. துய்க்க வேண்டியன இன்றி வருந்துதல் வறுமை. இலக்கணம் இவற்றை வெவ்வேறாக எண்ணினும், வாழ்க்கையில் இவை கூடியே வருகின்றன.

கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை ஆகிய பகுதிகளில் ஒரு தோட்டத் தொழிலாளி குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மண்சரிவில் தாய் மாண்டாள்; இஃது இழவு. வாழ்ந்த லயத்தை விட்டு இடைத்தங்கல் முகாமிற் பாய் விரித்தனர், இஃது அசைவு. கொழுந்து பறித்து அவள் கொணர்ந்த நாட்கூலி நின்றது, இது வறுமை. நிவாரணத்துக்காக மேசைக்கு மேசை நின்று, தாய் இறந்த கதையை ஒவ்வோர் உத்தியோகத்தருக்கும் மீண்டும் மீண்டும் சொல்ல நேர்ந்தது, இஃது இளிவு. ஒரு சாவினால் நான்கு அழுகைகள் பிறந்தன. இழவுக்கு மட்டும் ஆறுதல் கூறி, ஏனைய மூன்றையும் காணாதிருப்பவர் பாதித் துணையும் ஆகார்.

நெதர்லாந்து நாட்டறிஞர் மார்கிரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஸ்கட் என்போர் 1999 ஆம் ஆண்டு வெளியிட்ட கொள்கையும் இதனோடு ஒத்து வருகிறது. துயருற்றார்க்கு இரண்டு சுமைகள் உள என்றனர் அவர்கள்: இறந்தாரை எண்ணி வருந்துதல் ஒன்று, அவரின்றி நடத்த வேண்டிய வாழ்க்கையைச் சீர்செய்தல் மற்றொன்று. உள்ளம் இவ்விரண்டுக்கும் இடையே ஊசல்போல் ஆடும்; அவ்வாட்டமே நலத்தின் அறிகுறி. காலையிற் கதறியழுத பெண் நண்பகலில் அரிசியின் விலையை வினவுவாளாயின், அவள் துக்கம் போலியென்று புறங்கூறுவோர் அறியாதாரே. அவள் ஒரு சுமையை இறக்கி மறுசுமையைத் தூக்குகிறாள்.

3. ஆராய்ச்சி வளர்ந்த வரலாறு

சிக்மண்ட் புரொய்ட் 1917 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், துயரம் நோயன்று, அதனை இடையிற் புகுந்து தடுத்தல் தகாது என்று காட்டினார். எனினும் இறந்தாரிடத்துக் கொண்ட பற்றைச் சிறிது சிறிதாக மீட்டெடுத்தலே துயரத்தின் பணி என்றும் கருதினார். அமெரிக்காவில் பொஸ்டன் நகர் விடுதியொன்றில் 1942 ஆம் ஆண்டு மூண்ட தீயில் 492 பேர் மாண்டனர். அப்பேரிடரிற் பிழைத்தோரையும் இறந்தாரின் சுற்றத்தாரையும் ஆராய்ந்த மருத்துவர் எரிக் லிண்டெமன், 1944 ஆம் ஆண்டில் துயரத்தின் குறிகளைத் தொகுத்தார். மூச்சு முட்டுதல், தொண்டை இறுகுதல், உடல் தளர்தல், இறந்தாரின் உருவமே கண்முன் நிற்றல், தன்மீதே குற்றம் சுமத்தல், காரணமின்றிச் சினத்தல் என்பன அவை. துயருற்றார் சுடுசொற் பேசின் அதனைத் தம்மேற் கொள்ளலாகாது என்னும் பாடம் இதிற் கிடைக்கிறது.

எலிசபெத் கூப்ளர்-ரோஸ் 1969 ஆம் ஆண்டில் எழுதிய நூலால் ஐந்து படிநிலைகள் உலகெங்கும் பரவின: மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்பன. இவற்றைப் பயிற்சி வகுப்புகளில் மனனம் செய்வாரும் உளர். ஆயின் அவ்வம்மையார் ஆராய்ந்தது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளரை. உற்றாரை இழந்தாரை அன்று. இழந்தோர் எல்லாரும் இப்படிகளில் வரிசையாக ஏறுவர் என்பதற்குப் பிந்திய ஆராய்ச்சிகளிற் போதிய சான்று கிடைத்திலது. ஆகவே, ‘நீர் இன்னும் சினத்தில் நிற்கின்றீர், ஏற்புக்கு வரவில்லை’ என்று அளவுகோல் கொண்டு அளத்தல் பிழையாகும்.

1996 ஆம் ஆண்டில் டெனிஸ் கிளாஸ் முதலிய மூவர் பதிப்பித்த நூல் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. இறந்தாரோடுள்ள உறவை அறுத்தல் வேண்டா. அதனை வேறுருவில் தொடர்தல் இயல்பே என்று அது காட்டிற்று. ஆண்டுதோறும் திவசம் செய்தும், இறந்தார் விரும்பியுண்டதைச் சமைத்துப் படைத்தும், பிறந்த மகவுக்குப் பாட்டன் பெயரை இட்டும் வரும் நமக்கு இது புதுமையன்று. நம் முன்னோர் வழக்கிற் கொண்டிருந்ததை ஆராய்ச்சி பின்னர் வந்து கண்டது.

4. கண்டிச் சூழலின் வழக்கங்கள்

பல இனத்தார் அடுத்தடுத்து வாழும் ஊர் கண்டி. மஹியாவை மயானத்துக்குச் செல்லும் வழியில் எல்லா மொழியிலும் அழுகுரல் கேட்கலாம். தமிழருள் யாழ்ப்பாண வழியினர் எட்டும் அந்தியேட்டியும் செய்வர். தோட்டங்களிற் பதினாறாம் நாட் கருமாதி நிகழும். சிங்கள மக்கள் ஏழாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் ஆண்டு முடிவிலும் தானம் வழங்கிப் புண்ணியத்தை இறந்தார்க்கு உரிமையாக்குவர். முஸ்லிம் குடும்பங்களிற் கணவனை இழந்தாள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். சமயம் வேறாயினும் உட்கருத்து ஒன்று: துயரத்துக்கு ஒரு நாட்காட்டி வேண்டும், குறித்த நாளில் மனிதர் மீண்டும் வந்து கூட வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றி, 2025 ஆம் ஆண்டில் மறைந்த மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர இதனை ஆழ ஆராய்ந்தார். மேனாட்டு மருத்துவர் சோர்வு நோயென்று குறிப்பிடும் உணர்ச்சிகள் பலவும், நிலையாமையை வாழ்வின் உண்மையாகக் கொண்ட பௌத்தச் சூழலிற் பொருளுடைய அனுபவங்களாக மாறுகின்றன என்று 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையில் அவர் வாதிட்டார். பண்பாடே ஒரு வேலை செய்கிறது என்பது அவர் கருத்து. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும், போரால் நைந்த சமூகங்களைத் தனி மனிதராகப் பிரித்து நோக்காது, குடும்பமாகவும் ஊராகவும் நோக்கியே ஆற்ற வேண்டும் என்று எழுதி வந்துள்ளார்.

ஒப்பாரியும் அத்தகைய வேலையே. கட்டியழும் பெண்டிர் இறந்தாரின் பெருமையை மட்டுமோ பாடுகின்றனர்? கடனையும், மாமியார் கொடுமையையும், பிறந்த வீட்டார் வாராமையையும் அப்பாட்டுக்குள் வைத்துச் சபையறியச் சொல்லிவிடுகின்றனர். முன்சொன்ன நான்கு நிலைக்களன்களும் அங்கே ஒருங்கே வெளிப்படும். கேட்போர் மறுமொழி கூறுவதில்லை, உடனமர்ந்து அழுகின்றனர். இதனை நாகரிகமற்றதென்று நகர மக்கள் கைவிட்டனர். அதன் இடத்தில் வைத்தது யாது என்று கேட்பின் விடையில்லை.

மரண உதவிச் சங்கங்களின் தொண்டும் போற்றத்தக்கது. ஊரிலும் தோட்டத்திலும் மாதச் சந்தா சேர்த்து, சாவு நேர்ந்தவுடன் பணமும் பந்தலும் நாற்காலியும் ஆளும் அளிப்பன அவை. வறுமையால் வரும் இளிவை முதல் மூன்று நாளில் அவை தடுக்கின்றன. இந்நாட்டில் மிகப் பரந்த துணைச் சேவை எதுவெனில் இதுவே என்போம்.

வழக்கங்கள் எல்லாம் நல்லன என்று கொள்ளற்க. கணவனை இழந்தாளை மங்கலக் காரியங்களிலிருந்து ஒதுக்குதல் இழவின்மேல் இளிவைச் சுமத்துவதாம். ஆண்மகன் அழலாகாது என்று அடக்குதலும், தற்கொலையால் மாண்டார் வீட்டுக்குச் செல்லக் கூசுதலும், சிறாரைப் பிணத்தருகே வாராமல் விரட்டுதலும் அத்தகையனவே. எல்லாவற்றினும் பெருங்குறை ஒன்றுண்டு. முப்பத்தோராம் நாளின் பின் முற்றம் வெறுமையாகிறது. துயரத்தின் கடுமை மிகுவது பெரும்பாலும் அதன் பின்னரே.

5. உடல் கிடையாத இழவு

2014 அக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்தையும், 2016 மே 17 ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கையையும் மண்சரிவு மூடியது. இரண்டிடத்தும் பலருடைய உடல்கள் மீட்கப்படவில்லை. 2025 ஆம் ஆண்டிலும் அவ்வாறே நேர்ந்தது. கொள்ளி வைக்க உடலில்லை; கரைக்கச் சாம்பலில்லை. இவ்விடத்திற் சடங்கின் நாட்காட்டி தொடங்கவே மாட்டாது திகைக்கிறது.

அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு, 1999 ஆம் ஆண்டில் நூலாக விரித்தார். உடலால் இல்லாதவர் உள்ளத்தில் உயிரோடிருக்கின்றார். நம்பிக்கையும் துயரமும் ஒருசேர நிலவுகின்றன. இத்தகையாரிடம் ‘இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்’ என வற்புறுத்தலும், ‘எங்கேனும் உயிரோடிருப்பார்’ எனத் தேற்றுதலும் இரண்டும் தீங்கே. இரண்டு எண்ணங்களையும் ஒருங்கே தாங்கி வாழ இடந்தருதலே துணையாகும். இந்நாட்டுச் சட்டமும் இதனை ஒருவாறு உணர்ந்தது. போரிலும் கலகத்திலும் காணாமற் போனோர் பொருட்டு, இறந்தார் என்னாது, காணப்படவில்லை என்று மட்டும் சான்று வழங்கும் ஏற்பாடு 2016 ஆம் ஆண்டில் இடம்பெற்றது.

மலையக மக்கள் இவ்வகைத் துயரத்தை முன்னரே அறிவர். 1964 அக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு அரசுகளும் தீர்மானித்தன. தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். இறவாதாரை எண்ணி இழவு வீட்டிற்போல அழுத அழுகை அது. சாவில்லாமலும் இழவுண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

6. வகுப்பறையில் இழவு

ஆசிரியராகிய எமக்கு மிக அணித்தான பகுதி இது. தந்தையையோ தாயையோ இழந்த மாணவன் சில நாள் கழித்து வகுப்புக்கு வருகிறான். அவன் சிரித்து விளையாடக் கண்டு, பிள்ளை மறந்துவிட்டான் என்று பெரியோர் மகிழ்கின்றனர். சிறுவர் துயரத்தைத் தொடர்ந்து தாங்கார். சிறிது அழுவர், பின் விளையாடுவர், மீண்டும் அழுவர். அவர்தம் ஊசலாட்டம் பெரியோரினும் விரைந்தது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பிலிஸ் சில்வர்மன், வில்லியம் வேர்டன் என்போர், பெற்றோருள் ஒருவரை இழந்த 70 குடும்பங்களைச் சேர்ந்த 125 சிறாரை ஈராண்டு தொடர்ந்து நோக்கினர். அவருட் பெரும்பாலோர் தேறி நின்றனர். எஞ்சியோருள் ஒருசாரார்க்கு இடர்ப்பாடு முதலாண்டிற் புலப்படாது இரண்டாமாண்டில் வெளிப்பட்டது. பிள்ளை தேறுவதும் தேறாததும் பெரிதும் உயிரோடுள்ள பெற்றோரின் நிலையைப் பொறுத்திருந்தது.

இவற்றாற் பெறப்படும் கடமைகள் மூன்று. முதலாவது, இறந்தாரை ‘தூங்குகிறார்’, ‘தூர தேசம் போனார்’ என்று சிறாரிடம் மறைத்தலாகாது. இறப்பை இறப்பென்றே எளிய சொல்லாற் கூறுக. இரண்டாவது, தாயைத் தாங்குதலே பிள்ளையைத் தாங்குதலாகும். ஆதலின் பாடசாலையின் துணை வீட்டுவாயில்வரை செல்லல் வேண்டும். மூன்றாவது, வகுப்பேறிய பின்னரும் இழவின் செய்தி புதிய வகுப்பாசிரியருக்குச் சென்று சேர்தல் வேண்டும். இரண்டாமாண்டில் மதிப்பெண் குறைந்த மாணவனைச் சோம்பேறி என்று கடியும் ஆசிரியர், அவன் இழவை அறியாதவராயிருத்தல் கூடும்.

7. மருத்துவரை நாட வேண்டிய வேளை

துயருற்றார் எல்லாரையும் உளவளத்துணைக்கு அனுப்புதல் வேண்டுமோ எனின், வேண்டா. 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பாய்வொன்று, எல்லார்க்கும் பொதுவாக அளித்த சிகிச்சையால் நிலைத்த பயன் அரிது என்றும், துயரம் முற்றிச் செயலிழந்தார்க்கே அது பயன் தந்தது என்றும் கண்டது. பேரிடர் நேர்ந்தவுடன் ஒரே அமர்விற் கண்டதெல்லாம் கூறுமாறு தூண்டும் முறையும் பயனற்றதென ஒதுக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைந்நூல் மூன்றே செயல்களைப் பணிக்கிறது: நோக்குக, கேட்குக, தக்க உதவியோடு இணைக்குக.

எனினும் சிலர்க்குத் துயரம் ஆறாப் புண்ணாகிறது. இயல்பான மரணத்தால் இழந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு இந்நிலை நேர்வதாக 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுத் தொகுப்புக் கூறுகிறது. விபத்தாலும் வன்முறையாலும் பேரிடராலும் இழந்தோரிடத்து இது மிகும். உலக சுகாதார நிறுவனத்தின் பதினொராம் நோய்ப் பகுப்பில் நீடித்த துயரக் கோளாறு என இது இடம்பெற்று 2022 ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. குறைந்தது ஆறு திங்கள் கடந்தும், அச்சமூகத்தின் வழக்கம் இசையும் அளவை விஞ்சியும், ஏக்கம் நாள்தோறும் வாட்டி அன்றாடச் செயலை முடக்குமாயின் மருத்துவரை நாடுக. அமெரிக்க உளமருத்துவர் நூல் பெரியோர்க்கு ஓராண்டு என வரையறுக்கிறது. தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றின் ஒருநாளும் தாழ்த்தற்க. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் அதற்கென உள்ளது. 1974 ஆம் ஆண்டு ஜோன் டி மெல் அம்மையார் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பினரும் தீர்ப்புக் கூறாது செவிசாய்க்கும் தொண்டினைச் செய்து வருகின்றனர்.

8. துணை நிற்போர் கைக்கொள்ள வேண்டியன

1) இறந்தாரின் பெயரைச் சொல்லிப் பேசுக. பெயரை விழுங்குதல் இரண்டாம் முறை இழக்கச் செய்வதாகும்.

2) ‘விதி’, ‘எல்லாம் நன்மைக்கே’, ‘வேறு பிள்ளை பிறக்கும்’ என்பன கூறற்க. தத்துவம் துயருற்றவர் வாயிலிருந்து வரின் மருந்து. நம் வாயிலிருந்து வரின் சுமை.

3) ‘ஏதும் வேண்டுமாயின் கேளுங்கள்’ என்று சொல்லி அகலற்க. செய்வதைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்க: மரணச் சான்றிதழ் எடுத்துத் தருதல், ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பம் எழுதுதல், பிள்ளையைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லல் முதலியன.

4) ஒரு குடும்பத்தின் கதையை ஒருமுறை கேட்டு எழுதி, ஏனை அலுவலரிடம் நாமே கொண்டு செல்க. அவர்களை இளிவினின்று காக்கும் எளிய வழி இதுவே.

5) அவரவர் சமயச் சடங்கை அவரவர் விரும்பியவாறே நிறைவேற்ற உதவுக. உடல் கிடையாவிடத்து என் செய்வதென்பதைக் குடும்பத்தாரே துணியட்டும்.

6) நாட்களைக் குறித்துக்கொள்க. மூன்றாம் மாதம், முதற் பொங்கல், முதற் தீபாவளி, இறந்தார் பிறந்த நாள், ஆண்டு நிறைவு ஆகிய நாட்களில் மீண்டும் செல்க.

7) துணை நிற்போரும் களைப்பர். தனித்துச் செல்லாது இருவராய்ச் செல்க. திரும்பி வந்து தம்முட் பேசி இளைப்பாறுக.

நிறைவுரை

புத்தர் பெருமானிடம் இறந்த மகவை ஏந்திவந்த கிசாகோதமியின் கதையைக் கண்டியிற் சிறுவரும் அறிவர். சாவு நேராத வீட்டிற் கடுகு வாங்கி வருமாறு அவளைப் பணித்தார். அவள் வீடுவீடாகச் சென்றாள். கடுகு எங்கும் இருந்தது. சாவு நேராத வீடு எங்கும் இல்லை. ஒவ்வொரு வாயிலிலும் அவள் கேட்டது அறிவுரையன்று. அவ்வீட்டாரின் இழவுச் செய்தியே. அவ்வாயில்கள் அடைபட்டிருப்பின் அவள் தெளிவடைதல் எங்ஙனம்?

பழைய மாணவ நண்பர்களே, நம் சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகளில் மறைந்தார்க்கு அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தீர்மானம் எழுதும் அக்கையே அதன்கீழ் மூன்று நாட்களையும் எழுதி வைப்பதாக: நூறாம் நாள், ஆண்டு நிறைவு, இரண்டாமாண்டு நிறைவு. அந்நாட்களில் அவ்வீட்டுக்குச் செல்வோர் இருவரின் பெயரையும் அருகே குறிப்பதாக. பிறர் மறந்த நாளில் ஒருவர் நினைந்து வந்து திண்ணையில் அமர்வாராயின், ஆறுதல் என்னும் சொல்லின் பொருளை அவ்வீட்டார் நம்மினும் நன்கு அறிவர்.